வருடம் முழுக்க இதமான ஊர்: அமெரிக்காவில் இடம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சான் பிரான்சிஸ்கோவையும் செயின்ட் லூயிஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகையிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். வருடச் சராசரி வெப்பநிலையும் இரண்டு ஊரிலும் 57, 58 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித்தான் வரும். ஆனால் செயின்ட் லூயிஸில் ஜனவரிச் சராசரி உறைநிலையான 32ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும், ஜூலையில் 80ஐ எட்டும். சான் பிரான்சிஸ்கோவிலோ ஜனவரியில் 52, ஜூலையில் 60. ஒரு ஊரில் கனமான கோட்டும் வேண்டும், ஏசியும் வேண்டும். இன்னொரு ஊரில் ஒரே ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு வருடத்தையே ஓட்டிவிடலாம்.

இனி வரும் எண்களும் ஃபாரன்ஹீட்தான். 50 என்றால் செல்சியஸில் 10, 77 என்றால் 25, 104 என்றால் 40.

பனியும் குளிரும் போதும் என்று முடிவெடுத்து வேறு ஊர் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தச் சராசரியைத்தான். அது எதையும் சொல்லாது. நல்ல மாதங்கள் எல்லா ஊரிலும் நன்றாகவே இருக்கும். செப்டம்பரில் சிகாகோ ஏரிக்கரையில் நடந்தால் அங்கேயே குடியேறலாம் என்றுதான் தோன்றும். ஒரு ஊரை அதன் மோசமான ஆறு வாரங்களை வைத்து எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆறு வாரங்களில் காலை எத்தனை மணி வரை வெளியே நடக்கலாம், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாமா, குழந்தைகளை எந்த நேரத்தில் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலில் பாதி ஊர்கள் தாமாகவே கழிந்துவிடும்.

நல்ல மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவது

பிப்ரவரியில் அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குப் போனவர்கள் மயங்காமல் திரும்பியதில்லை. பகலில் 70 சொச்சம், மேகமே இல்லாத வானம், பேஸ்பால் அணிகளெல்லாம் பயிற்சிக்கு வந்து இறங்கும் பருவம். வீட்டு விலையும் கலிபோர்னியாவை விடக் குறைவு. திரும்பும் விமானத்திலேயே மனதுக்குள் வீடு வாங்கியாகிவிடும்.

அதே ஊரில் 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, விடாமல் 31 நாட்கள், வெப்பம் 110ஐத் தொட்டது அல்லது தாண்டியது. அது ஒரு விதிவிலக்கான கோடைதான். ஆனால் சாதாரண ஜூலையிலும் பகல் 106, 107 வரை போகும். வெயிலில் நின்ற காரில் ஏறினால் சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கி சுடும். நிழல் இல்லாத சறுக்கு மரத்தில் குழந்தையை ஏற்ற முடியாது. ராத்திரி ஒன்பதரைக்கு நடக்கப் போனால் காம்பவுண்டுச் சுவர் பகலில் குடித்த சூட்டைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். பகல் வெயிலை ஏசிக்குள் இருந்து சமாளித்துவிடலாம். ராத்திரியும் ஆறாத சூடுதான் ஆளை ஓய்த்துவிடுகிறது.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வருவது பெரும்பாலும் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில்தான். அவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலை நடையும், பக்கத்துப் பூங்கா பெஞ்சும், அங்கே தமிழ் பேச ஒரு ஆள் கிடைப்பதும்தான் அவர்களுடைய மொத்தச் சுதந்திரம். ஊரின் மோசமான மாதங்களும் அவர்கள் வரும் மாதங்களும் ஒன்றாக விழுந்தால் ஆறு மாதமும் சோபாவில்தான் கழியும். வீடு தேடும்போது இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது.

ஆகஸ்ட்டில் சியாட்டிலைப் பார்ப்பதும், ஜனவரியில் ஃப்ளோரிடாவைப் பார்ப்பதும் இதே வகைத் தவறுதான்.

ஊர்ப் பெயரைக் கேட்டதும் வானிலையை முடிவு கட்டிவிடுவது

“பே ஏரியாவில் வானிலை எப்படி?” என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிய ஊர்களுக்குத்தான் இந்தப் பெயர். ஒரு ஜூலை மத்தியானம் ஓக்லண்டிலிருந்து கிழக்கே காரில் போய்ப் பாருங்கள். மலைக்கு இந்தப் பக்கம் மூடுபனி, காரின் திரையில் 64 டிகிரி. கால்டெகாட் சுரங்கத்துக்குள் நுழைகிறீர்கள், நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அந்தப் பக்கம் ஒரிண்டாவில் வெளியே வரும்போது கண் கூசும் வெயில். எண் ஒவ்வொன்றாக ஏறி, சில மைல்களுக்குள் 85, 90 என்று போய் நிற்கும்.

காரணம் கடல்தான். கலிபோர்னியாக் கரையோரம் வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் வருகிறது. வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, ஆழத்திலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காய்ந்து அங்கே காற்று மேலெழும்பும்போது, அந்த இடத்தை நிரப்ப இந்தக் கடல்காற்று மலை இடுக்குகள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே உள்ளே கொதிக்கக் கொதிக்கக் கரையில் குளிரும். ஜூலையில் அரைக்கால் சட்டையோடு சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்கள் நடுங்கிக்கொண்டே ஸ்வெட்டர் வாங்குவது இதனால்தான். அங்கே மிகவும் கதகதப்பான மாதம் செப்டம்பர்.

லாஸ் ஏஞ்சலஸிலும் இதே கதை. சான்டா மோனிகாவில் கோடைப் பகல் 70ஐச் சுற்றியே இருக்கும். மலையைத் தாண்டி உள்ளே இருக்கும் உட்லண்ட் ஹில்ஸில் 2020 செப்டம்பர் 6 அன்று 121 டிகிரி பதிவானது. இரண்டும் ஒரே மாவட்டம்தான்.

சான் டியேகோவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் புகழ்வார்கள். நியாயம்தான். ஜனவரியில் பகல் 60களின் நடுவில், ஆகஸ்ட்டில் 70களின் நடுவில், வருட மழை 10 அங்குலம். ஆனால் அந்த எண்கள் எங்கே அளந்தவை? விரிகுடாவை ஒட்டிய விமான நிலையத்தில். நம்மவர்கள் பள்ளிக்கூடத்துக்காகத் தேடிப் போகும் போவேயும் ராஞ்சோ பெர்னார்டோவும் உள்ளே தள்ளி இருக்கின்றன. அங்கே கோடைப் பகல் கடற்கரையை விட 10, 15 டிகிரி கூடும். கரையோரத்திலேயே வீடு எடுத்தாலும் ஒரு விஷயத்துக்குத் தயாராக வேண்டும். மே, ஜூன் மாதங்களில் வானம் மத்தியானம் வரை சாம்பல் பூத்தே கிடக்கும். உள்ளூர்க்காரர்கள் “மே கிரே”, “ஜூன் க்ளூம்” என்று பெயரே வைத்துவிட்டார்கள். வெளிச்சம் குறைந்தால் மனம் சோர்கிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே ஊரின் சராசரி வேண்டாம், நீங்கள் குடியேறும் தெருவின் வெப்பநிலை வேண்டும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் 1991 முதல் 2020 வரையான முப்பதாண்டுச் சராசரிகள் மாதவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த நிலையத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற வானிலைத் தளத்தின் வரைபடத்தில், நீங்கள் பார்க்கும் வீட்டுக்குப் பக்கத்தில் யாராவது தங்கள் கூரையில் வைத்திருக்கும் வானிலைக் கருவியின் பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

ஈரப்பதத்தைச் சதவீதமாகப் பார்ப்பது

சான் பிரான்சிஸ்கோவில் மூடுபனிக் காலை, 60 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். ஹூஸ்டனில் கோடை மத்தியானம், 95 டிகிரி, ஈரப்பதம் 53 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் ஹூஸ்டன் வறண்ட ஊர் என்று தோன்றும். உண்மையில் அங்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

பார்க்க வேண்டியது டியூ பாயிண்ட். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர்த்துளி படியத் தொடங்குமோ, அதுதான் டியூ பாயிண்ட். மேலே சொன்ன சான் பிரான்சிஸ்கோக் காலையில் அது 57, ஹூஸ்டனில் 75. 60க்குக் கீழே இருந்தால் சுகம். 65ஐத் தாண்டினால் கசகசப்பு. 70க்கு மேல் போனால் வியர்வை காயவே காயாது. ஹூஸ்டன், மயாமி கோடை என்பது ஏறத்தாழ நம் சென்னைப் புழுக்கம்தான். அதிலேயே வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம், ஒன்றும் பயமில்லை. ஆனால் புழுக்கத்திலிருந்து தப்பிக்கத்தான் ஊர் மாறுகிறீர்கள் என்றால், வெப்பநிலைப் பக்கத்தில் இந்த எண்ணையும் தேடுங்கள்.

வறண்ட காற்றுக்கு ராத்திரியில் பலன் தெரியும். சாக்ரமென்டோவில் ஜூலைப் பகல் 90களில் போனாலும், சாயங்காலம் ஆற்று டெல்டா பக்கத்திலிருந்து கடல்காற்று வந்துவிட்டால் விடியற்காலையில் 60 சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஜன்னலைத் திறந்தே தூங்கலாம். ஹூஸ்டனில் அது நடக்காது.

மழையின் அளவை மட்டும் எண்ணுவது

சியாட்டிலில் வருடத்துக்கு 40 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் மழை பெய்கிறது. நியூயார்க்கும் அட்லாண்டாவும் 50 அங்குலத்தை ஒட்டிப் பெறுகின்றன. சென்னைக்கு அதைவிடவும் அதிகம். ஆனால் நம் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், மறுநாள் வெயில் அடிக்கும். சியாட்டிலில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தூறிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் வெளிச்சம். டிசம்பரில் அங்கே சூரியன் மாலை 4.20க்கே மறைந்துவிடும். பகல் எட்டரை மணி நேரம்கூட இல்லை. நாம் பிறந்த ஊரில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே பதினொன்றேகால் மணி நேரத்துக்கு மேல். இந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். கோடை அங்கே சொர்க்கம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் குளிர்ச்சியான ஊர் என்று ஏசி இல்லாமல் கட்டிய வீடுகள் நிறைய. 2021 ஜூன் 28 அன்று வெப்பம் 108ஐத் தொட்டபோது மக்கள் திண்டாடிப் போனார்கள்.

ஆபத்தை வானிலைக் கணக்கில் சேர்க்காதது

வட கரோலினா மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஆஷ்வில், கடலிலிருந்து வெகு தூரம், 2,000 அடிக்கு மேல் உயரம். வெயிலும் மிதம், குளிரும் மிதம். பருவநிலை மாற்றத்துக்குத் தப்பிய புகலிடம் என்று பலர் பேசினார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் மழையில் அங்கே ஆறுகள் கரையை உடைத்துக்கொண்டு வந்தன. அதன்பின் ஏழு வாரங்களுக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாத நிலை.

வெள்ளச் சேதம் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் சேராது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேசிய வெள்ளக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும். வாங்கியபின் நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாட்கள் ஆகும். புயல் செய்தி கேட்டபின் ஓடினால் பயனில்லை. வீட்டின் முகவரியைக் கொடுத்தால் அமெரிக்கப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடம் கிடைக்கும். விலை பேசும் முன்பே பாருங்கள்.

கலிபோர்னியாவில் இந்தக் கவலை நெருப்பின் வடிவில் வருகிறது. மரங்கள் சூழ்ந்த மலைச்சரிவு வீடு கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது, 85 உயிர்கள் போயின. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸிலேயே குடியிருப்புகள் சாம்பலாயின. பல பகுதிகளில் காப்பீடு கிடைப்பதே இப்போது போராட்டம். பிடித்த வீட்டுக்கு விலை சொல்வதற்கு முன், அந்த முகவரிக்குக் காப்பீட்டுத் தொகை என்ன என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாதத் தவணையைக் கணக்குப் போட்டுவிட்டுக் காப்பீட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

டெக்சஸில் வேறு கதை. பனி இல்லாத ஊர் என்று நம்பிப் போன டாலஸில் 2021 பிப்ரவரி 16 அன்று மைனஸ் 2 டிகிரி. மின்சாரம் போய், வீட்டுக் குழாய்கள் வெடித்தன. குளிருக்கென்று கட்டாத வீட்டில் வரும் குளிர், மினசோட்டாக் குளிரை விடக் கொடியது. வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழையும் உண்டு. டாலஸின் புறநகர்களான ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் கூரை மாற்றுவது அக்கம்பக்கத்துப் பேச்சில் அடிக்கடி அடிபடும்.

மகரந்தத்தையும் மறக்க வேண்டாம். வட கரோலினாவின் ராலேயிலும் அட்லாண்டாவிலும் மார்ச் கடைசியில் பைன் மகரந்தம் கார், திண்ணை எல்லாவற்றிலும் மஞ்சள் பொடியாகப் படியும். ஆஸ்டினில் டிசம்பர், ஜனவரியிலேயே “சீடர் ஃபீவர்” என்ற மகரந்த ஒவ்வாமை தொடங்கிவிடும். வந்த புதிதில் பலருக்கு ஒன்றும் செய்யாது, சில வருடம் கழித்தே தும்மல் ஆரம்பிக்கும். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

சரி, எங்கேதான் போவது?

பணம் தடையில்லை என்றால் சான் டியேகோவிலிருந்து சான்டா பார்பரா வரை, கடலிலிருந்து நாலைந்து மைல் உள்ளே. மூடுபனி காலையில் விலகிவிடும், கடல்காற்று சாயங்காலம் வந்துவிடும். அமெரிக்காவில் இதைவிட இதமான வானிலை இல்லை என்றே சொல்வேன். வீட்டு விலையில் அதற்கான காசை ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள்.

நடுத்தர வருமானத்துக்கு ராலே, கேரி பக்கம் நல்ல சமரசம். நாலு பருவமும் உண்டு, எதுவும் நீண்டு வதைக்காது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கம் கட்டாயம். புழுக்கமே ஆகாதென்றால் நியூ மெக்சிகோவின் அல்புகெர்க்கி. 5,300 அடி உயரம், மழை வருடத்துக்கு 9 அங்குலத்தை ஒட்டி, கோடை ராத்திரி குளிர்ந்துவிடும், குளிர்காலப் பகலில் வெயில் அடிக்கும். வசந்தத்தில் புழுதிக் காற்று வரும். வேலைவாய்ப்பும் குறைவு என்பதால் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

எந்த ஊராக இருந்தாலும் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்த ஊரின் மோசமான மாதத்தில் ஒரு வார இறுதிக்குப் போங்கள். ஹோட்டல் வேண்டாம், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அதே பகுதியில் ஒரு வீடு எடுத்துத் தங்குங்கள். மத்தியானம் மூன்று மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். யாராவது வெளியே இருக்கிறார்களா என்று கவனியுங்கள். இருந்தால் நின்று பேசுங்கள். மின்கட்டணம் கோடையில் எவ்வளவு வருகிறது என்று அவர்களையே கேட்கலாம்.