மோல் கணக்கில் சறுக்கும் இடங்கள்

கூட்டல் பிழை, அலகு எழுத மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். விடையை ஒருமுறை சரிபார்த்தாலே அவை தெரிந்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் ஆண்டுதோறும் விழும் பள்ளங்கள் வேறு.

படிக நீரை விட்டுவிடுவது

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். 0.05 மோலார் (லிட்டருக்கு 0.05 மோல்; மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையை வைத்துப் பொருளை அளக்கும் அலகு) ஆக்சாலிக் அமிலம் 250 மி.லி. தயாரிக்க வேண்டும், தேவை 0.0125 மோல். மோலார் நிறை (ஒரு மோலின் நிறை, கிராமில்) 90 என்று போட்டு 1.125 கிராம் நிறுத்துக் கரைத்துவிடுகிறார்கள். புட்டியில் இருப்பதோ ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். அதன் மோலார் நிறை 126. எடுக்க வேண்டியது 1.575 கிராம்.

கொடுமை என்னவென்றால், தவறு வெளியே தெரியாது. கரைசலின் உண்மையான செறிவு ஏறத்தாழ 0.036 மோலார். அதில் 20 மி.லி. எடுத்து உண்மையில் 0.1 மோலார் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்துத் தரம்பார்த்தால், 20 மி.லி.க்குப் பதில் 14.3 மி.லி.யிலேயே பினால்ப்தலீன் நிறங்காட்டி இளஞ்சிவப்பாகிவிடும். மூன்று முறை செய்தாலும் அதே 14.3. அளவீடுகள் ஒத்துப்போகின்றனவே என்ற நிம்மதியில், காரத்தின் செறிவு 0.14 மோலார் என்று எழுதிவிடுகிறார் மாணவர். 40 சதவீதம் அதிகம்! அந்தக் காரத்தால் அடுத்து அளக்கும் அமிலங்கள் எல்லாவற்றிலும் இதே பிழை ஏறிக்கொள்ளும். சந்தேகம் வந்தாலும் பியூரெட் (காரத்தைச் சொட்டவிடும் அளவுக்குழாய்) மேல்தான் வருகிறது. புட்டியில் ஒட்டிய சீட்டைத் திரும்பப் படிப்பவர் அரிது.

எனவே, நிறுக்கும் முன்பே சீட்டில் அச்சிட்ட மோலார் நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். சோடியம் கார்பனேட்டில் வித்தியாசம் இன்னும் பெரிது: நீரற்றது 106, பத்து நீர் மூலக்கூறு கொண்டது 286.

எல்லா வினையும் ஒன்றுக்கு ஒன்று என்று நினைப்பது

மேலே சொன்ன அமிலம் ஒரு மோலுக்குக் காரம் இரண்டு மோல் வேண்டும். அந்த 2-ஐ விட்டால் காரத்தின் செறிவு பாதியாகத்தான் வரும்.

250 மி.லி. நீரை அளந்து ஊற்றுவது

250 மி.லி. என்பது கரைசலின் பருமன், நீரின் பருமன் அல்ல. பீக்கரில் சுமார் 100 மி.லி. நீரில் கரைத்து, புனல் வழியே திட்டக்குடுவைக்கு (கழுத்தில் 250 மி.லி. குறியிட்ட குடுவை) மாற்றுங்கள். பீக்கரையும் புனலையும் இரண்டு மூன்று முறை கழுவி, அந்த நீரையும் அதிலேயே சேருங்கள். பிறைத்தளத்தின் (கரைசலின் வளைந்த மேற்பரப்பு) அடி குறியைத் தொடும்வரை நிரப்பலாம். கடைசித் துளிகளுக்குச் சொட்டுக்குழாய் வேண்டும். குறியைத் தாண்டினால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

22.4 லிட்டர்

ஒரு மோல் 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும்; அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில். 18 கிராம் திரவ நீர் சுமார் 18 மி.லி.தான்.

வாயு விதிகளில் செல்சியஸ்

போடாதீர்கள். 273.15 கூட்டிக் கெல்வினாக்குங்கள்.