பெரிய கம்பெனி வேலை: பெயர்ப்பலகையைப் பார்த்துச் சேர்ந்தால் வரும் தவறுகள்

"பையன் பெரிய கம்பெனியில இருக்கான்" என்று சேலத்தில் சொன்னால் பெண் வீட்டார் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. பையனும் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

நான் செய்த முதல் தவறு கணக்கில். சி.டி.சி. (கம்பெனிக்கு என்னால் வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) 6 லட்சம் என்று கடிதம் வந்ததும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 50,000 என்று செவ்வாய்ப்பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டேன். முதல் மாதம் கைக்கு வந்தது 39,700 சொச்சம். யாரும் ஏமாற்றவில்லை; எல்லாம் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வேரியபிள் பே 60,000: அது கம்பெனியும் நன்றாக ஓடி, மேனேஜரும் நல்ல ரேட்டிங் போட்டால் வருடக் கடைசியில் வரும். கம்பெனி கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) 11,544, குரூப் இன்சூரன்ஸ் 6,000. மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அதில் என் பங்கு பி.எஃப். 1,800-ம் தொழில் வரியும் போனால் அவ்வளவுதான். அந்தக் கிராஜுவிட்டியும் நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 வருடம் முடித்தால்தான் கிடைக்கும். நான் மூன்றாம் வருடமே வெளியே வந்தேன். "கைக்கு எவ்வளவு வரும்?" என்று எச்.ஆரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். அவர்களுக்கு அது பழகிய கேள்வி.

அடுத்தது, யாருடைய ஆள் என்று பார்க்காமல் சேர்வது. 1980-களின் தொடக்கத்தில் இரும்பாலை ஓட ஆரம்பித்ததிலிருந்து, 'உள்ளே வேலை' என்றால் நம் ஊர்க்காரர் மனதில் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல் என்று ஒரு படம் விழுந்துவிட்டது. இன்றைக்கு எந்தப் பெரிய ஆலையிலும், ஐ.டி. ஆபீசிலும் கேட்டுக்குள் போகிற எல்லோரும் அந்தக் கம்பெனி ஆட்கள் இல்லை. பலர் கான்ட்ராக்டரின் ஆட்கள். கழுத்தில் தொங்கும் அட்டையை நம்பாதீர்கள். வேலைக்குச் சேர்த்த ஆர்டரில் யார் பெயர், பி.எஃப். பாஸ்புக்கில் யார் பெயர் என்று பாருங்கள்.

என் சித்தப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. அங்கே இரண்டு வருடம் நின்ற பையனுக்கு வெள்ளி உருக்கத் தெரியும், கம்பி இழுக்க, பற்றவைக்க, மெருகு போடத் தெரியும், பாக்கி வசூலிக்கவும் தெரியும். நான் இரண்டு வருடமாக ஒரே மென்பொருளின் ஒரே திரையைச் சரிபார்த்தேன். ஆனால் பட்டறையில் ஆர்டர் நின்றால் சம்பளமும் நிற்கும். எனக்குத் தேதி தவறாமல் விழுந்தது. சம்பள ஸ்லிப்பைக் காட்டினால் வங்கியில் உட்காரவைத்துப் பேசுவார்கள். இந்த வசதியை மட்டமாக நினைப்பதும் தவறுதான். அதில் சொகுசாகி, வருடக்கணக்கில் அதே திரையிலேயே உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய தவறு. வேறு டீமுக்கு மாற்றச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். பெரிய இடத்தின் உண்மையான லாபமே உள்ளுக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம் என்பதுதான்.

கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று வீட்டுக்குத் தனி பாலிசி எடுக்காமல் இருப்பது இன்னொன்று. வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அப்புறம் அப்பாவின் சர்க்கரைக்குப் புதுப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரைகூடக் காத்திருக்க வேண்டிவரும்.

வேலையை விடுகிறேன் என்று சொன்ன பிறகும் வேலை செய்ய வேண்டிய நோட்டீஸ் காலம் 90 நாளா, 30 நாளா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, 'இந்தியாவில் எந்தக் கிளைக்கும் மாற்றப்படலாம்' என்ற வரி. பெங்களூரு 200 கிலோமீட்டர்தானே, வாரா வாரம் வந்துவிடலாம் என்றுதான் என் மாமா பையன் சேர்ந்தான். எட்டே மாதத்தில் குருகிராம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு அந்த ஆபீஸ் காலண்டரில் லீவு கிடையாது.