பெண் பார்க்க வருகிறார்களா? நீங்களும் நாலு கேள்வி கேளுங்கள்

தேயிலைத் தோட்டத்தில் இருபத்தைந்து வயது தாண்டினால் போதும், "கல்யாணச் சாப்பாடு எப்ப போடப் போற?" என்று கொழுந்து மலையிலும் கேட்பார்கள், கோயில் வாசலிலும் கேட்பார்கள். விளக்கம் சொல்லப் போகாதீர்கள். "மொய்யை எடுத்து வைங்க அத்தை, சொல்லி அனுப்புறேன்" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தில், வேலை செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாயின் முகமே வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடும். "தாலி ஏறினா எல்லாம் சரியாயிடும்" என்ற பேச்சை நான் நம்பாததற்கு அதுதான் காரணம்.

சரி, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். ஜாதகத்தை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பையனோடு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பத்து நிமிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் கேள்வி, என் சம்பளம் யார் கையில்? மனைவியின் சம்பளத்தைப் புருசன் போய் வாங்குவது இங்கே பழைய வழக்கம். இப்போது அவள் ஏடிஎம் காட் அவர் சட்டைப் பையில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்தது, அவர்கள் இருக்கும் லயத்து வரிசை வீட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? உடுப்பு மாற்ற ஒரு மறைவாவது உண்டா? கூச்சப்படாமல் கேளுங்கள், அங்கே இருக்கப்போவது நீங்கள். வேலைக்குப் போகிற நாளில் விடியற்காலை அடுப்பு மூட்டுவது யார் என்றும் கேட்டு, பதில் வருவதற்கு முன் அவர் யார் முகத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

இனி சேமலாப நிதி, அதாவது ஈபிஎஃப். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், தோட்ட நிர்வாகம் போடுவது 12 வீதம். பெண்களுக்கு 50 வயதில் கிடைக்கும் பணம் இது. ஆனால் கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் அதற்கு முன்பே எடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. ஆண்களுக்கு அந்த வழி கிடையாது. பெண் என்றால் வேலையை விட்டுவிடுவாள் என்று சட்டம் எழுதியவர்களே நினைத்திருக்கிறார்கள் பாருங்கள்! "அதை எடுத்து நகை போடலாமே" என்று யாராவது ஆரம்பித்தால், பணத்தோடு வேலையும் போகும் என்பதைச் சபையிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்யாணப் பதிவைத் தள்ளிப்போட விடாதீர்கள். கோயிலில் தாலி கட்டினாலும், பிறகு ஒரு வழக்கு, பென்ஷன் என்று வரும்போது வலுவான சான்று பதிவுச் சான்றிதழ்தான். "ஒத்துவராட்டி பிரிஞ்சிக்கலாம்" என்பதும் வெறும் பேச்சு. பிறர் தொடர்பு, கைவிட்டுப் போதல் போன்ற குற்றத்தை நீதிமன்றத்தில் காட்டாமல் விவாகரத்துக் கிடைக்காது. வீட்டில் அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமான 1938ஐ இப்போதே போனில் போட்டு வையுங்கள்.

அன்றைக்கே தலையாட்ட வேண்டாம். "அடுத்த சம்பளம் முடிஞ்சு சொல்றோம்" என்று அப்பாவைச் சொல்ல வையுங்கள். வேண்டாம் என்றால், பேச்சைக் கொண்டுவந்த மாமாவிடமே சொல்லி அனுப்புங்கள். அவர்கள் கூறைச் சேலை எடுக்கக் கண்டிக்கு பஸ் ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.