செட்டிநாட்டுக்குப் புறப்படும் முன்: வேப்பைக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்

கோலாலம்பூர், லண்டன், மெல்பர்ன் என்று எங்கெங்கோ இருந்து கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபது, எண்பது வயது நிறைவு விழா) படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) காரைக்குடிப் பக்கம் வருகிறவர்களில் வேப், அதாவது மின்சிகரெட், பிடிப்பவர்கள் இப்போது நிறையப் பேர். சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு வந்தவர்கள் பலர். பெட்டி கட்டும்போது, "இதை எப்படி எடுத்துப் போவது, அங்கே காயில் (லிக்விட்டைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) கிடைக்குமா, எதில் கழுவுவது?" என்றுதான் கேட்கிறார்கள். எடுத்துப் போகவே கூடாது என்பதுதான் பதில். வீட்டில் எப்படி விட்டுப் போவது, ஊரில் எப்படிச் சமாளிப்பது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். தமிழ்நாடு அரசு 2018-லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நாடு முழுவதும் தடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டு செல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். "நிகோடின் இல்லாத லிக்விட்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சூடாக்கி ஆவி உண்டாக்கும் கருவி அதில் அடக்கம். புகையிலைக் குச்சியைச் சூடாக்கும் கருவியும் மின் ஹூக்காவும் அப்படியே.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சட்டம் முழுக் கருவியை மட்டும் சொல்லவில்லை. அதன் எந்தப் பாகமானாலும் சேர்த்தே சொல்கிறது. "பேட்டரியை வீட்டில் வைத்துவிட்டு அட்டமைசரை (காயிலும் டேங்கும் உள்ள மேற்பகுதியை) மட்டும் கொண்டுபோகிறேன், மற்றதை யாரிடமாவது வாங்கிக்கொள்கிறேன்" என்ற யோசனை இதனால் அடிபட்டுப் போகிறது. ஐந்து காயில் உள்ள ஒரு பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டு வந்தாலும் அதே சிக்கல்தான். ஊரில் இருக்கும் மச்சான் கேட்டார் என்று அவருக்கொன்று வாங்கிவருவது இன்னும் மோசம். உங்கள் சிக்கலை அவர் வீட்டு வாசலிலும் கொண்டுபோய் இறக்குகிறீர்கள்.

ஒளித்துக் கொண்டுபோகவும் வழி கிடையாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் வேப்பை செக்-இன் பெட்டியில் போட விமான விதி இடம் தராது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். கைப்பையோ திருச்சியிலும் மதுரையிலும் சென்னையிலும் சுங்கத்துறை ஸ்கேனருக்குள் போகிறது. அலுமினியக் குழலும் சுருள் கம்பியும் திரையில் பளிச்சென்று தெரியும். சிங்கப்பூர் வழியாக வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் வேப் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையும் கூடியிருக்கிறது. பாட்டி ஊருக்கு ஆசையாக வரும் பிள்ளை, கூட்டிப்போக வந்தவர்கள் வெளியே காத்திருக்க, உள்ளே ஓர் அறையில் உட்கார்ந்து விளக்கம் எழுதித் தர வேண்டுமா? தற்செயலாகப் பையில் தங்கிவிட்டது என்று இறங்கியபின் தெரிந்தால், சுங்கத்தில் அறிவிக்க ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நுழையாமல் நீங்களே போய் அதிகாரியிடம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால்

இனி வேலையைப் பார்ப்போம். லிக்விட் நிரம்பிய டேங்கை அப்படியே மேசையில் விட்டுவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது கருவி அதே நிலையில் இருக்காது. காற்றுத் துளை வழியே லிக்விட் மெல்லக் கசிந்து அடிப்பின்னில் தேங்கும், அங்கிருந்து கருவியின் உட்பலகைக்கு இறங்கும். நிகோடின் காற்றுப் பட்டுப் பழுப்பேறி, இழுத்தால் தொண்டையில் மிளகு அரைத்துப் பூசியதுபோல் காறும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டிய பிசின் காய்ந்து இறுகி, மூடியைத் திருகித் திறக்கவே முடியாமல் போகும். கடைசி இரவில், பெட்டி எடை பார்க்கும் அவசரத்தில் இதைச் செய்யாதீர்கள். ஈரத்தோடு மூடி வைத்துவிடுவீர்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளேயே பொருத்திய பேட்டரி என்றால் கருவியை அணைத்துவிடுங்கள். பிறகு கையுறை. நிகோடின் தோல் வழியே உடம்பில் ஏறும். அடர்த்தியான லிக்விட் விரலில் வழிந்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாமல் டிஷ்யூவில் ஊற்றி, பையில் கட்டி, குழந்தைகள் எடுக்க முடியாத குப்பைக்கூடையில் போடுங்கள்.

வாய்முனை, மேல்மூடி, கண்ணாடிக் குழாய், காயில், அடித்தட்டு என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பிரியுங்கள். பிரிக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த ஓ-ரிங் எந்தக் காடியில் இருந்தது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். ஓ-ரிங்குகளை ஊசியால் குத்தி எடுக்காமல் விரல்நுனியால் ஓரமாகத் தள்ளி உருட்டி எடுத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் போடுங்கள். இறுகிப்போன திருகு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் மூழ்கவிட்டு, ரப்பர் கையுறையால் பிடித்துத் திருகினால் இளகும். இடுக்கி போட்டால் குழாய் நெளிந்துவிடும்.

கழுவ வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். லிக்விட்டின் பெரும்பகுதியான புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் தண்ணீரில் கரைபவை. ஸ்பிரிட் எல்லாம் தேவையே இல்லை. கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக் வாய்முனையில் மயிரிழை வெடிப்புகள் விழும். பித்தளை துலக்கும் பழக்கத்தில் புளி, எலுமிச்சை, சாம்பல், பீதாம்பரி என்று எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம், திருகுமரையின் முலாம் போய்விடும். குழந்தைகள் பல்துலக்கும் மெல்லிய பிரஷ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, காற்றுத் துளையிலும் திருகுமரையிலும் சுழற்றித் தேயுங்கள். முதல் நீர் டீத்தண்ணீர் நிறத்தில் வரும். பிறகு வெளுக்கும். நீர் தெளிந்தபின்னும் விரலுக்கு வழவழப்பு தெரிந்தால் இன்னும் கிளிசரின் ஒட்டியிருக்கிறது என்று பொருள், மறுபடி அலசுங்கள்.

காயிலை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். அதைக் கழற்றி விளக்கின் எதிரே தூக்கிப் பிடித்து நடுத்துளை வழியே பாருங்கள். வெள்ளையாக இருந்த பஞ்சு ஓரங்களில் டிகாக்‌ஷன் நிறமாயிருக்கும். கம்பியின் மேல் தார் போலக் கறுப்புப் பொருக்கு கட்டியிருக்கும். இனிப்புச் சுவைக்காக லிக்விட்டில் சேர்க்கும் சுக்ரலோஸ் கருகித்தான் பெரும்பாலும் அது உண்டாகிறது. கடையில் வாங்கும் பழச்சுவை, இனிப்புச் சுவை லிக்விட்டுகளில் சீக்கிரமே கட்டும். தண்ணீரில் ஊறப்போட்டால் சுவை மட்டும் கொஞ்சம் போகும், பொருக்கு போகாது. உள்ளே இறுக்கிச் சுற்றிய பஞ்சோ சுலபத்தில் காயாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தூக்கிப் போட்டுவிடுங்கள். காயிலைப் பிரிக்க முடியாத பாட் (லிக்விட்டும் காயிலும் ஒன்றாய் அடங்கிய சிறு குப்பி) என்றால் பாட்டையே போட வேண்டியதுதான்.

கம்பியைத் தாமே சுற்றிப் பஞ்சு வைத்துக்கொள்கிறவர்களுக்கு வேறு முறை. பஞ்சை உருவி எடுத்துவிட்டு, மிகக் குறைந்த வாட்டில் விட்டு விட்டுச் சூடேற்றினால் கம்பி மங்கலாகச் சிவந்து பொருக்கு வெந்து உதிரும். நன்றாக ஆறியபின் நீரில் காட்டி பிரஷ்ஷால் துலக்குங்கள். இது காந்தல் (Kanthal), நிக்ரோம் என்ற கலப்புலோகக் கம்பிகளுக்குத்தான். டைட்டானியத்தையும் தனி நிக்கலையும் ஒருபோதும் இப்படிக் காய்ச்சக் கூடாது. டைட்டானியம் தீப்பிடிக்கக் கூடும், நுரையீரலுக்கு ஆகாத ஆக்சைடு தூளும் அதில் உண்டாகும். எந்தக் கம்பி என்று நிச்சயமில்லாவிட்டால் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பி வந்து புதிதாய்ச் சுற்றுங்கள்.

கழுவியதை உதறி, துடைத்து, ஒரு பருத்தித் துணியில் பரப்பி முழுதாக ஒரு நாள் விடுங்கள். மேலே காய்ந்தாலும் காற்றை அளக்கும் வளையத்துக்குள்ளும் அடிப்பின்னைச் சுற்றியும் நீர் ஒளிந்திருக்கும். ஓ-ரிங்கை மறுபடி மாட்டும்போது வழுக்க ஏதாவது வேண்டுமென்றால் ஒரு பொட்டு கிளிசரின் தடவுங்கள். தேங்காயெண்ணெயும் வேசலினும் கூடவே கூடாது. எண்ணெய் ஆவியாய் நுரையீரலுக்குள் போய்ப் படிந்தால் எண்ணெய் நிமோனியா என்ற கொடிய நோய் வரும்.

பேட்டரி இருக்கும் கருவி உடலுக்கு நீரே படக்கூடாது. அட்டமைசர் உட்காரும் இடத்தை மட்டும் காதுக்குச்சியில் சிறிது ஐசோபுரொப்பைல் தொட்டு ஒற்றி எடுங்கள். பேட்டரியைப் பாதி சார்ஜில் பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள். நிறைய ஏற்றியும் வைக்காதீர்கள், வடியவும் விடாதீர்கள். லிக்விட் பாட்டிலை மூடி இறுக்கி, நேராக நிறுத்தி, வெயில் படாத பூட்டிய அலமாரியில் வையுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள யாராவது பிள்ளைகளோடு வந்து போகலாம். அதில் சிறிதளவு வாயில் போனாலே குழந்தைக்கு உயிராபத்து.

ஊரில் சமாளிப்பது

நிகோடின் இல்லாத முதல் மூன்று நாள்தான் கடுமை. எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் அதற்குள் உச்சத்துக்குப் போய், பிறகு படிப்படியாகக் குறையும். அந்த மூன்று நாளை விமானத்திலும் கல்யாண வீட்டிலும் கழிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள், புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டு நிகோடின் பட்டைக்கோ சூயிங்கம்முக்கோ மாறிவிடுவது நல்லது. மருந்துச் சீட்டையும் கையில் வையுங்கள். இந்தியாவில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வாங்கிக்கொண்டு உள்ளூருக்குப் போங்கள்.

கம்மைச் சாதாரண பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காப்பியோ எலுமிச்சைச் சாறோ குடித்த கால்மணி நேரத்துக்குள் கம் போட்டால், வாயிலிருக்கும் அமிலத்தால் நிகோடின் உறிஞ்சப்படாது. செட்டிநாட்டு வீட்டில் இது லேசான விஷயம் இல்லை. காலையில் முகப்பில் உட்கார்ந்தது முதல் "இன்னொரு வாய் காப்பி குடிங்க தம்பி" என்று ஆச்சி டம்ளரை நீட்டிக்கொண்டே இருப்பார். காப்பியை முதலில் குடித்துவிடுங்கள், வாயைக் கொப்பளித்துச் சற்று நேரம் கழித்துக் கம்மைப் போடுங்கள்.

வேப் இல்லையே என்று பெட்டிக்கடைப் பக்கம் போய் சிகரெட்டுக்குத் திரும்புவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கஷ்டப்பட்டு விட்டதை ஒரு கல்யாண வீட்டுச் சந்தோஷத்தில் மறுபடி பிடித்தவர்கள் உண்டு. பொது இடத்தில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் இந்தியா முழுதும் தடை என்பது வேறு. சாப்பிட்டபின் வரும் வெற்றிலைத் தட்டில் புகையிலையைத் தொடாதீர்கள். பாக்கையும் அடிக்கடி வேண்டாம், அது தனியாகவே புற்றுநோய் உண்டாக்குவது. கை துறுதுறுவென்று இருந்தால் தேன்குழலும் சீப்புச் சீடையும் ஒரு சம்புடத்தில் அருகில் இருக்கட்டும். மாலையில் கானாடுகாத்தான் தெருக்களில் ஒரு நடை போய் வாருங்கள். தைப்பூசத்தை ஒட்டி வருகிறவர்கள் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களோடு சிறிது தூரமாவது நடக்கலாம். விரதக்காரர்கள் நடுவே இழுக்கும் எண்ணம் வராது.

தாங்க முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற புகையிலை விடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள், கட்டணமில்லை.

திரும்பி வந்தபின்

லிக்விட்டை வெளிச்சத்தில் பாருங்கள், கருத்திருந்தால் முன்பு சொன்னபடி டிஷ்யூவில் ஊற்றிப் போட்டுவிடுங்கள். புதுக் காயிலின் பஞ்சில் சில சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் ஊறிய பிறகே பொத்தானை அழுத்துங்கள். காய்ந்த பஞ்சில் முதல் இழுப்பு இழுத்தால் காயில் அங்கேயே கருகிவிடும். முன்பு பிடித்த அடர்த்தியிலேயே தொடங்காதீர்கள், உடம்பு அதை மறந்திருக்கும்.

மூன்று வாரம் அது இல்லாமல் இருந்திருக்கிறீர்கள் என்றால் கடினமான பகுதி கழிந்துவிட்டது. மறுபடி மாட்டத்தான் வேண்டுமா என்று ஒரு நாள் யோசியுங்கள். வேண்டாம் என்று தோன்றினால், கழுவிப் பிரித்து வைத்த பாகங்களையும் பேட்டரியையும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பிரிட்டனில் வேப் விற்கும் கடைகளே அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவை.