இலையில் புடைத்திருப்பது என்ன? மலையேறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைப்பாதையில் ஓர் இலைமேல் சிவப்புக் கொம்புகளோ பச்சை மணிகளோ முளைத்திருப்பதைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். போனை எடுத்து அந்தப் புடைப்பை மட்டும் நெருக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். பிறகு அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாமல் போவதற்கு அதுதான் காரணம்.

அந்தப் புடைப்பைக் கட்டியது பூச்சி அல்ல, செடி. தளிர்ப் பருவத்தில் ஒரு சிறு குளவியோ ஈயோ, சிலந்தி இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரான சிலந்திப்பேனோ (mite) தூண்டிவிட, செடி தன் திசுவையே அதற்கு வீடாகவும் தீனியாகவும் வளர்த்துக் கொடுக்கிறது. இதுதான் இலைக்கழலை. கழலை உண்டாக்கும் உயிரிகளில் பெரும்பாலானவை ஒரே செடியினத்தையோ அதன் நெருங்கிய உறவுகளையோ விட்டு வேறெதற்கும் போவதில்லை. ஆகவே செடியின் பெயர் தெரிந்தாலே பாதி விடை கிடைத்த மாதிரி. இலையின் மேற்புறம், அடிப்புறம், காம்பு தண்டோடு சேரும் இடம், பூவோ காயோ இருந்தால் அது, கடைசியாக முழுச்செடி என்று எல்லாவற்றையும் எடுங்கள். பேனா மூடியைப் பக்கத்தில் பிடித்தால் அளவும் பதிவாகிவிடும். புடைப்பை மட்டும் பார்த்துச் செயலி சொல்லும் முதல் பெயரை அப்படியே நம்ப வேண்டாம்.

இலைமேல் இருப்பதெல்லாம் கழலை என்று முடிவுகட்டுவதும் தவறு. நகத்தால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். முழுசாகப் பெயர்ந்து வந்தால் அது செதில் பூச்சியாகவோ முட்டையாகவோ இருக்கலாம். கழலை இலையோடு இலையாக இருக்கும், கிழித்தால்தான் வரும். (அரிப்பு தரும் செடிகள் உண்டு. தெரியாத இலையை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் தள்ளுவது நல்லது.) பெரணி இலையின் அடியில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளிகள் நோயல்ல, அதன் வித்துக்கொத்துகள். பாவட்டை இலையில் தெரியும் சிறு கரும்புள்ளிகளோ அதனுடன் சேர்ந்து வாழும் பாக்டீரியாக்களின் முடிச்சுகள்.

காய் என்று ஏமாறுவது பழைய கதை. மாசிக்காய் என்று நாம் சொல்வதே காயல்ல, ஓக் மரத்தில் குளவி உண்டாக்கும் கழலை.

உள்ளே புழு இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று எறிந்துவிடுகிறார்கள். புங்க இலையில் விரல்போல நீளும் கழலை ஒன்றைப் பிளேடால் நெடுக்காக வகிர்ந்து பாருங்கள். வெறும் கண்ணுக்குப் பச்சைச் சுவரும் வெற்றுக் குழியும்தான் தெரியும். நல்ல லென்ஸ் வைத்து, பொறுமையாக வெளிச்சத்தைச் சாய்த்தால், வெளிறிய துகள்கள் நகரும். அவை சிலந்திப்பேன்கள், நீளம் சுமார் 0.2 மி.மீ. மற்ற சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால், இந்த வகைக்கு நான்கே.

நான் அதிக நாள் சுமந்த தவறு வேறொன்று. உருண்டைக் கழலைகள் உள்ள இலை ஒன்றை டப்பாவில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தேன். சில நாளில் பளபளக்கும் பச்சை நிறக் குளவி ஒன்று ஓட்டையிட்டு வெளியே வந்தது. கழலையைக் கட்டவைத்தது இதுதான் என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். அது உண்மையில் கழலைக்குள் இருந்த புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி. கழலைக்குள் உரிமையாளரோடு ஒண்டிக்குடித்தனக்காரர், கொலையாளி எல்லோரும் இருப்பார்கள். வெளியே வந்ததை வைத்து மட்டும் பெயர் சூட்டக் கூடாது. புழுவாக இருக்கும்போதே ஒன்றிரண்டை வெட்டிப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

செடி செத்துவிடுமே என்ற பதற்றத்தில் கழலை இலைகளையெல்லாம் பறித்துப் போடுபவர்களும் உண்டு. வளர்ந்த மரத்துக்குச் சில நூறு கழலைகளால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பாதுகாக்கப்பட்ட காடு என்றால் இலையைப் பறிப்பதே தடையாக இருக்கும். மேலும், இளம் கழலையைப் பறித்தால் இலை வாடும்போதே உள்ளிருக்கும் புழுவும் பட்டினியால் செத்துப்போகும். அதே வழியில் திரும்பி வருவதாக இருந்தால் இலையை மரத்திலேயே விட்டுவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, சில வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். சுவரில் வட்டமான ஓட்டை இருந்தால் உள்ளே இருந்தவர் கிளம்பிவிட்டார்.