கரண்ட் போனால் எதை எவ்வளவு நேரம் ஓட்டலாம்? யாழ்ப்பாண வீட்டுக்கு ஒரு கணக்கு

கடைக்குப் போக முதல் ஒரு துண்டுக் கடதாசி எடுங்கள். கரண்ட் நின்றாலும் ஓடியே ஆகவேண்டிய சாமான்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் வாட் அளவையும் எத்தனை மணித்தியாலம் தேவை என்பதையும் போடுங்கள். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட் மணி. பற்றரியும் இன்வேட்டரும் ஒன்றாக உள்ள பற்றரிப் பெட்டி (பவர் ஸ்ரேசன்) வாங்கும்போது முதலில் தேடவேண்டிய எண் அதுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண், ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்லாது.

ஐந்து மணித்தியால வெட்டு என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் மூன்று: 135. ரௌட்டர் 10 வாட்: 50. சாதாரண நிலை மின்விசிறி 50 வாட்: 250. கைபேசி இரண்டு: 30. மொத்தம் 465. பற்றரி மின்சாரத்தை இன்வேட்டர் 230 வோல்ட்டாக மாற்றும்போது ஏறத்தாழ 15 வீதம் சூடாகிப் போய்விடும். ஆகவே 0.85 ஆல் வகுத்தால் 547 வாட் மணி தேவை. 512 வாட் மணிப் பெட்டி இதற்குக் காணாது. மின்விசிறியை 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. வகைக்கு (மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டர்) மாற்றினால் மொத்தம் 365, வகுத்தால் 430. அதே பெட்டி தாராளமாகக் காணும். பெரும்பாலும் பெரிய பெட்டி வாங்குவதைவிட மின்விசிறியை மாற்றுவது மலிவு.

தொண்ணூறுகளில் கரண்டே இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. அந்த டைனமோ வெறும் 3 வாட். எதற்கு எத்தனை வாட் என்று பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல.

கணக்கில் சேர்க்கக் கூடாதவை

கேத்தில், ரைஸ் குக்கர், அயன் பெட்டி மூன்றையும் துண்டிலிருந்து வெட்டிவிடுங்கள். 1800 வாட் கேத்தில் ஒன்று, ஆயிரம் வாட் மணிப் பெட்டியை அரை மணித்தியாலத்தில் வெறுமையாக்கும். காஸ் அடுப்போ விறகடுப்போ அந்த வேலையைப் பார்க்கட்டும்.

கிணற்று மோட்டரும் அப்படித்தான், ஆனால் காரணம் வேறு. அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது 550 முதல் 600 வாட் வரை எடுக்கும். 1000 லீற்றர் தாங்கியை நிரப்ப ஏறத்தாழ அரை மணித்தியாலம். அதாவது 300 வாட் மணிதான். சிக்கல் தொடங்கும் அந்த ஒரு நொடியில். அப்போது ஓட்டத்தைப் போல் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வேட்டர் அந்த இழுப்பைக் கண்டதும் நின்றுவிடும். இந்த ஒரு நொடிக்காக மூன்று மடங்கு காசு கொடுத்துப் பெரிய பெட்டி வாங்குவது வீண். வெட்டு நேரம் அறிவித்திருந்தால் முதலே தாங்கியை நிரப்புங்கள். கிணற்றுக் கப்பியையும் கயிற்றையும் வாளியையும் கழற்றி எறியாமல் வைத்திருங்கள். தோட்டம் செய்கிற வீடென்றால் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் ஏற்கெனவே இருக்கும்.

பிரிஜ் கதை இடைப்பட்டது. கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் குளிர் தாங்கும். நிறைந்த பிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். அதனால்தான் பிரீசரின் வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி உறையவைப்பது. நாலு மணித்தியாலத்துக்குக் குறைந்த வெட்டுக்குப் பிரிஜுக்கென்று எதுவும் வாங்கத் தேவையில்லை. மாரிக்காலப் புயலில் கம்பி அறுந்து நாட்கணக்கில் போனால்தான் அது பிரச்சினை. நடுத்தரப் பிரிஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட், அதாவது 1000 வாட் மணி அளவில் எடுக்கும். தொடங்கும்போது 1000 வாட்டைத் தாண்டவும் கூடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் கொம்பிரசர் உள்ளது மெதுவாகத் தொடங்கும், சின்னப் பெட்டியிலும் ஓடும்.

ரௌட்டருக்கு மட்டும் என்றால்

பிள்ளைகளின் படிப்புக்கும் வெளிநாட்டு அழைப்புக்கும் இணையம்தான் தேவை என்றால், உள்ளங்கை அளவு மினி யு.பி.எஸ். போதும். 230 வோல்ட்டுக்கு மாற்றித் திருப்பி 12 வோல்ட்டுக்கு இறக்காமல் நேரடியாக 12 வோல்ட் கொடுப்பதால் சேதாரம் குறைவு. பெரிய பெட்டிகளின் 230 வோல்ட் வாயைச் சும்மா திறந்து வைத்தாலே 10 வாட் வரை தின்னும். அதில் ரௌட்டர் ஒன்றை மட்டும் செருகினால் பாதிப் பற்றரி ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

மூன்றைப் பாருங்கள். ரௌட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்: 9 வோல்ட் ரௌட்டருக்கு 12 கொடுத்தால் கருகலாம். முனையின் அளவு: வெளி விட்டம் 5.5 மில்லிமீற்றர் ஒன்றாக இருந்தாலும் உள் ஊசி 2.1, 2.5 என இரு வகை. பொருந்தாவிட்டால் ஆட ஆட அறுந்து அறுந்து வரும். நடு ஊசி நேர்மறையா என்பதைக் காட்டும் வட்டக் குறி அடப்டரிலும் யு.பி.எஸ்.ஸிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஃபைபர் இணைப்பில் சுவரிலுள்ள பெட்டியும் ரௌட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

மில்லி அம்பியர் மணி எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள். 8800 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலங்களுக்கு. 8.8 ஐ 3.7 ஆல் பெருக்கினால் 32 வாட் மணிதான். 10 வாட் ரௌட்டருக்கு மூன்று மணித்தியாலம்கூட வராது. 20,000 மில்லி அம்பியர் மணிப் பவர் பேங்கும் அதே கணக்கில் 74 வாட் மணி.

தூக்கிச் செல்லும் பவர் ஸ்ரேசன்

லிதியம் இரும்பு பொஸ்பேற் கலம் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். மூவாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம், வெயிலையும் ஓரளவு தாங்கும். பழைய வகை லிதியம் அயன் ஐந்நூறு முதல் ஆயிரம் தடவையில் தளரும். அடுத்தது, சுத்த சைன் அலை வெளியீடு, அதாவது சுவர் மின்சாரத்தைப் போன்ற சீரான அலை. திருத்திய சைன் அலையில் மின்விசிறி முனகும், பிரிஜ் மோட்டர் சூடேறும்.

வாங்கியதும் சோதியுங்கள். முழுதாகச் சார்ஜ் செய்து 100 வாட் பாரம் ஒன்றைப் போட்டுவிட்டு நேரம் பாருங்கள். 512 வாட் மணிப் பெட்டி நாலு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஓடவேண்டும். மூன்றில் நின்றால் உத்தரவாதக் காலம் முடிய முதல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கனடாவிலிருந்து ஆட்கள் வரும்போது கொண்டுவரச் சொல்வோம் என்ற யோசனை பல வீடுகளில் உண்டு. அது சரிவராது. 160 வாட் மணிக்கு மேற்பட்ட லிதியம் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் முடியாது. கப்பலில் வந்தாலும் வட அமெரிக்கப் பெட்டி தருவது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதில் இங்கத்தைய மின்விசிறி ஒழுங்காகச் சுற்றாது. சிலவற்றின் உட்சார்ஜரில் 230 கொடுத்தால் அதுவும் போய்விடும். லண்டன் பெட்டி மின்னளவில் பொருந்தும்.

வைக்கும் இடமும் முக்கியம். தகரக் கூரை அறையில் பங்குனி, சித்திரை வெக்கை எந்த லிதியத்தையும் சீக்கிரம் கிழடாக்கும். பாவிக்காத காலத்தில் 60 வீதம் அளவில் விட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

ஈயப் பற்றரி இன்வேட்டர்

இது தூக்கிச் செல்கிற சாமான் அல்ல; 150 அம்பியர் மணி ரியூபுலர் பற்றரி ஒன்றே 50 கிலோவுக்கு மேல். ஆனால் பழுதுபார்க்க ஆள் எங்கும் உண்டு. 12 வோல்ட்டை 150 ஆல் பெருக்கினால் 1800 வாட் மணி. பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 900, மாற்றும் சேதாரம் போக 750 கையில் கிடைக்கும்.

பெரும்பாலும் இது சாவது தண்ணீரால். மட்டம் குறைந்தால் வடிதண்ணீர் மட்டும் விடுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. அதிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுத்துவிடும். மழைத் தண்ணீரும் வேண்டாம், அசிட்டும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும், ஆகவே விளக்கு எரியும் சாமி அறையிலோ அதன் பக்கத்திலோ வைக்கக் கூடாது. குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் முனைகளில் உப்புக் காற்றால் பச்சை பூக்கும். சுரண்டித் துடைத்து வசலின் பூசுங்கள். பழைய இன்வேட்டரில் லிதியம் பற்றரி மாட்டுவதென்றால், சார்ஜ் வோல்ட் 14.6 ஐத் தாண்டாதவாறு அமைக்க முடியுமா என்று பார்த்த பிறகு மாட்டுங்கள். தாண்டினால் பற்றரியின் காப்புச் சுற்று வெட்டிவிடும்.

கூரையில் சோலார் இருந்தும் இருட்டு

தெருக் கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். பழுதல்ல, கம்பியில் வேலை செய்பவரைச் சோலார் மின்சாரம் தாக்காமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் இருந்தால்தான் வெட்டிலும் ஓடும். பவர் ஸ்ரேசனுக்கு வாங்கும் 100 வாட் மடிப்புத் தகடு நல்ல வெயிலில் 70 வாட் அளவில் தரும். தென்னோலையின் ஒரு கீற்று நிழல் விழுந்தாலே அது சரிந்துவிடும். கார்த்திகை, மார்கழி இருட்டு மழையில் அதை நம்பவேண்டாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே சுவரிலிருந்து முழுதாக ஏற்றிவிடுங்கள்.

ஜெனரேற்றர்

நாட்கணக்கில் கரண்ட் வராத வீட்டுக்கு 2 கே.வி.ஏ. வலுவுள்ள பெற்றோல் இன்வேட்டர் ஜெனரேற்றர் நல்லது. பிரிஜும் ஓடும், பற்றரியும் ஏறும். இரவு முழுக்க ஓடவிடாமல், காலையும் பின்னேரமும் இரண்டிரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பற்றரியை நிரப்பினால் பெற்றோலும் மிச்சம், அயலாரும் தூங்குவார்கள். 2022 இல் கியூ.ஆர். பங்கீட்டில் பெற்றோலுக்கு நின்றவர்களுக்கு அந்த மிச்சத்தின் பெறுமதி தெரியும்.

விறாந்தையில் வைக்காதீர்கள். மழை என்று உள்ளே இழுத்து ஜன்னலைத் திறந்துவிட்டாலும் பயனில்லை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் கிடையாது. தூங்கிக்கொண்டிருப்பவர் எழும்பாமலே போவார். கதவு ஜன்னலிலிருந்து 6 மீற்றருக்கு அப்பால், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க, மேலே மட்டும் மறைப்புப் போட்டு வையுங்கள். பெற்றோல் விடுவதென்றால் நிறுத்தி, ஆறவிட்டு.

இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரால் சுவர்ப் பிளக்கில் ஜெனரேற்றரைக் குத்தும் பழக்கம் இங்கும் உண்டு. வெளியே கிடக்கும் முனையைத் தொட்டவரைக் கொல்லும்; மெயின் சுவிச்சை நிறுத்த மறந்தால், மீற்றர் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறி, திருத்த வந்த மின்சார சபை ஊழியரைக் கொல்லும். வீட்டு வயரிங்கில் சேர்ப்பதென்றால் தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு, தெருக் கம்பியையும் ஜெனரேற்றரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிச் போடுங்கள். இல்லையென்றால் நேரே நீட்டிப்பு வயர் இழுத்துச் சாமானைச் செருகுங்கள், 2 கே.வி.ஏ.க்கு 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பிக்குக் குறைய வேண்டாம்.

மாதத்தில் ஒருநாள் பாரம் போட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். நெடுங்காலம் சும்மா கிடக்கும் என்றால் பெற்றோலை வடித்து, காபுரேற்றரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மாரியில் ஜெனரேற்றர் தொடங்க மறுப்பதற்கு வழமையான காரணம், சித்திரையில் விட்ட பெற்றோல் உள்ளே பசையாகிக் கிடப்பதுதான்.

வெட்டு நேரம் அறிவிக்காமலே போனால் முதலில் ட்ரிப் சுவிச்சையும் அயல் வீட்டு வெளிச்சத்தையும் பாருங்கள். தெருவே இருட்டென்றால் மின்தடையை அறிவிக்கும் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். கரண்ட் திரும்பியதும் பிரிஜையும் ரீவியையும் உடனே போடாதீர்கள். முதல் சில நிமிடங்களில் வோல்ட் ஏறி இறங்கும், சிலவேளை மறுபடியும் போகும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பிரிஜ், அதன் பிறகு பற்றரிச் சார்ஜர், கடைசியாக மோட்டர்.