ஜப்பானில் எக்ஸ்சேஞ்ச் மாணவரா? ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்காமல் ஊர் சுற்ற, சாப்பிட

பதினாறு வயதில் ஒரு வருடம் ஒசாகாவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கிப் படித்தேன். வார நாளெல்லாம் பள்ளி, சாயங்காலம் கிளப், ஆக ஊர் சுற்ற மிஞ்சியது ஞாயிறு ஒன்றுதான். கையிலும் பெரிதாகக் காசு இருக்காது. அதை வைத்துக்கொண்டு கியோட்டோ, நாரா, ஒசாகா மூன்றையும் எப்படிப் பார்ப்பது, வழியில் என்ன சாப்பிடுவது என்று சொல்கிறேன்.

முதலில் ஸ்டேஷன் மெஷினில் இக்கோகா கார்டு வாங்குங்கள், 500 யென் டெபாசிட். ரயில், பஸ், கொன்பினி என்கிற அந்த 24 மணி நேரக் கடைகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஜேஆர் என்கிற ஜப்பான் ரயில்வே ரயிலில் ஒரு வழித் தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல் போனால் மாணவர்களுக்கு டிக்கெட்டில் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு, பெயர் 'கக்குவாரி', அதற்குப் பள்ளி அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். தானாக வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிய வந்தபோது நான் ஹிரோஷிமா போய்த் திரும்பியே ஆகிவிட்டது!

ஒரு ஞாயிறுக்கு ஒரே ஊர், அதுவும் விடியும்போதே கிளம்பினால்தான் சரிப்படும். ஃபுஷிமி இனாரி கோயில் கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து நாரா லைன் ரயிலில் இரண்டாவது நிறுத்தம், கட்டணம் கிடையாது, பூட்டும் நேரமும் கிடையாது. பத்து மணிக்குப் போனால் அந்தச் செந்நிறத் தோரண வாயில்களுக்கு நடுவே மனிதத் தலைகள்தான் தெரியும், ஏழு மணிக்கு முன்னால் போனால் வாயில்களின் பின்பக்கம் எழுதியிருக்கும் உபயதாரர் பெயர்களைக்கூட நின்று பார்க்கலாம் (நம் ஊர்க் கோயில் ட்யூப்லைட் ஞாபகம் வரும்). மலை 233 மீட்டர்தான். உச்சியில் பார்க்க ஒன்றுமில்லை, ஊர் தெரிவது பாதி வழியில் இருக்கும் யோட்ஸுட்ஸுஜி சந்திப்பில். அதற்கு மேல் ஏறுவது உங்கள் கால்களின் விருப்பம்.

கியோட்டோவின் பொன் கோயிலான கின்ககுஜிக்கு அரை மணி நேரம் போதும். 1950-இல் எரிந்துபோய் 1955-இல் திரும்பக் கட்டியது அது.

நாராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் ஊருக்குள்ளேயே திரிகின்றன. மான் பிஸ்கட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றால் சட்டையைக் கடித்து இழுக்கும், என் சட்டை போனது அப்படித்தான். சட்டென்று கொடுத்துத் தீர்த்துவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டினால் விலகிவிடும். அப்புறம் தோதாய்ஜி கோயில். அங்கே இருக்கும் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. இதை நான் தங்கியிருந்த வீட்டு ஹோஸ்ட் அப்பாவிடம் சொன்னேன், அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கெல்லாம் என்னை அவருடைய சொந்தக்காரன் மாதிரி அறிமுகப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

இனி சாப்பாடு. சைவக்காரர்கள் "கறி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, ஏனென்றால் சூப்பிலும் குழம்பிலும் இருக்கும் 'தாஷி' பெரும்பாலும் மீன் சாறு. எதையெல்லாம் தொடமாட்டீர்கள் என்று முதல் வாரமே ஹோஸ்ட் அம்மாவிடம் ஒரு தாளில் ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிப் பையில் வையுங்கள். அவசரத்துக்குக் கொன்பினியில் உமெபோஷி என்ற ஊறுகாய்ப் பழம் வைத்த ஒனிகிரி சோற்று உருண்டை கிடைக்கும். உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும் வரிசையில் பிரிக்காவிட்டால் சுற்றியிருக்கும் கடற்பாசித் தாள் உறையோடு கிழிந்து வந்துவிடும்.

எல்லாம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒசாகாவின் டோட்டோன்போரிதான் சொர்க்கம். தக்கொயாகி பார்ப்பதற்குக் குழிப் பணியாரம், உள்ளே ஆக்டோபஸ் துண்டு. பணியாரம் மாதிரியே முழுசாக வாயில் போட்டீர்களோ, தொலைந்தீர்கள்! உள்ளே மாவு கொதித்துக்கொண்டிருக்கும், குச்சியால் குத்தி ஆவியை விட்டபின் சாப்பிடுங்கள். குச்சியில் குத்திப் பொரிக்கும் குஷிகாட்ஸு விற்கும் கடையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சாஸ் கிண்ணம் வைத்திருந்தால் ஒருமுறைதான் முக்கலாம், கடித்த குச்சியை மறுபடி முக்குவது அங்கே பெரிய குற்றம். சாஸ் இன்னும் வேண்டுமென்றால் கூடவே வைக்கும் முட்டைக்கோஸ் துண்டால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். ராமென் நூடுல்ஸ் கடையில் வாசல் மெஷினில் காசு போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும், டோன்கோட்ஸு என்றால் பன்றி எலும்புச் சூப் என்று தெரிந்து பட்டனை அழுத்துங்கள். உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது சாவுச் சடங்கு. தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம், பையில் ஒரு கவர் வையுங்கள்.

கடைசியாக, இரவு வீட்டில் சாப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பதை மாலை நாலு மணிக்குள் ஹோஸ்ட் அம்மாவுக்கு மெசேஜ் போட்டுவிடுங்கள். நான் ஒருநாள் முட்டைக்கோஸ் போட்ட அடை மாதிரியான ஒகோனொமியாகியை மூக்குமுட்டத் தின்றுவிட்டு எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன், நாலு பேரும் தட்டைத் தொடாமல் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பள்ளியில் பென்டோ என்கிற சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், முந்தின இரவு எனக்காகச் செய்திருந்த அதே குரோக்கெட் பொரியல் உருண்டை.